சடையனின் செம்பு மெடல்

பழைய செம்பைப் பொத்திப் பிடித்த உள்ளங்கையை மோந்தால் ஒரு கசந்த வாசம் வரும்; அம்மா இறந்த வருடம் முழுக்க என் கை அப்படித்தான் மணத்தது. அப்பா சிம்மக்கல்லில் பழைய பாத்திரக் கடை வைத்திருந்தார். எடைக்கு வரும் அண்டா குண்டாவோடு எப்போதாவது வெள்ளைக்காரன் காலத்துப் போர் மெடலும் வந்து விழும். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைவீரன். கடையில் அதற்கு "குதிரைக் காசு" என்று பெயர். உருக்கப் போகுமுன் நான் கெஞ்சி வாங்கிச் சேர்த்தவை ஏழு. விளிம்பில் போருக்குப் போனவரின் பெயரைப் பொடி இங்கிலீஷ் எழுத்தில் வெட்டியிருப்பார்கள். ஆறிலும் வாயில் நுழையாத பெயர்கள், ஏழாவதில் சடையன். கப்பலேறிப் போய்ப் பட்டாளத்துக்கு மூட்டை சுமந்த கூலியாள் என்று வாத்தியார் படித்துச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நடந்ததையெல்லாம் சடையனிடம்தான் சொல்வேன். கேட்க வேறு யார் இருந்தார்கள்?

ஒருநாள் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மாவும் மகனும் தேடி வந்தார்கள். "எம் பொண்டாட்டி தெரியாம அண்டாவோட போட்டுட்டாண்ணே. சடையன்னு எங்க தாத்தா பேரு, ஆத்தாவப் பெத்தவரு, அதுல இருக்கு. போனவரு திரும்பல, போட்டோகூடக் கெடையாது" என்றார் மகன்.

"எல்லாத்தையும் கொண்டாத்தா" என்றார் அப்பா. நான் ஆறை மட்டும் கொண்டுபோய் வைத்தேன். மகன் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படிக்க, படிக்கத் தெரியாத அந்த அம்மா மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம், "இம்புட்டுத்தானாத்தா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார், அதுதான் கொடுமை.

அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக வெள்ளிக்கிழமைதோறும், வருடக்கணக்கில், சடையனைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன். கிறுக்கச்சி! தேய்க்கத் தேய்க்க என்ன போகிறது என்று பார்க்கவில்லை.

இன்று அப்பாவும் இல்லை, கடையும் இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். என் அலமாரி நிறைய மெடல்கள். போன மாதம்தான் துணிந்து, விசாரித்து, அந்த மகனைத் தேடிப் போனேன். தலை நரைத்திருந்தார். "அன்னைக்கே எங்கிட்டதாண்ணே இருந்துச்சு" என்று சொல்லிக் கொடுத்தேன்.

விளிம்பைக் கட்டைவிரலால் இரண்டு சுற்றுத் தடவிப் பார்த்தார்.

"பேரே இல்லையேம்மா."

"இருந்துச்சுண்ணே. நாந்தேன் தேச்சே அழிச்சுட்டேன்."

"எங்காத்தா சாகுற வரைக்கும் சிம்மக்கல்லு, சிம்மக்கல்லுன்னு பொலம்புச்சு. பேரில்லாத இத யாருன்னு வச்சுக் கும்பிட? நீயே கொண்டு போ."

"ஆத்தா படத்துக்குக் கீழயாவது வைங்கண்ணே" என்று கெஞ்சினேன். அவர் மெடலை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.