எட்டாத உயரத்தில் இளம் ரோஸ்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றும் அப்படித்தான். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், பெரியநாயக்கன்பாளையத்தில் என் வீட்டுச் சுவரில் நடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

என் கணவர் அந்த வீட்டைக் கட்டி, சிமென்ட் பூச்சோடு விட்டுவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். துக்க வருஷம் முடியும்வரை வீட்டுக்குச் சுண்ணாம்புகூட அடிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதற்குள் கொழுந்தனார், வீட்டைப் பூட்டிவிட்டு என்னைக் கிணத்துக்கடவுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி அனுப்பினார். நானா போவேன்? இது என் வீடு, இங்கேதான் இருப்பேன் என்று வாயால் சொல்லிக் கேட்காதவர்களுக்குச் சுவரைக் காட்டிச் சொல்லலாம் என்று இளம் ரோஸ் டிஸ்டம்பர் வாங்கி வந்தேன். இதே நிறத்தை முன்பு நான் கேட்டபோது, "சலூன் கடையாட்ட இருக்கும் அம்மணி" என்று சிரித்தவர்தான் என் கணவர்.

துக்க வீட்டுக்கு பெயிண்டர் வரமாட்டேன் என்றார், பக்கத்து வீட்டில் ஏணி தரவில்லை, போகட்டும் என்று நானே பிரஷ்ஷைப் பிடித்தேன். நான் குள்ளம். ஸ்டூல் மேல் ஏறியும் ஹாலின் மேல்பகுதி எட்டவில்லை. மத்தியானம் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். குடத்தோடு திரும்பி வந்து கதவைத் திறந்தால், கூரையை ஒட்டி நாலு சுவரிலும் ரோஸ், ஈரம் காயாமல் மினுமினுக்கிறது. பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. பயத்தில் குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டேன், அதை நான் மறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்தா கொழுந்தனார் வந்து நிற்க வேண்டும்!

"ஏனுங்க அண்ணி, எந்த ஆம்பள வந்து மேல ஏறி அடிச்சுப்போட்டுப் போனான்?"

தனியாக இருக்கிற பெண்ணிடம் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பயம் போய் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆரும் வரலீங்க. சந்தேகமிருந்தா நீங்களே ஏறிப் பாத்துக்குங்க" என்று ஸ்டூலை அவர் காலடியில் தள்ளினேன்.

ஏறினார். நெட்டை மனிதர், கை எட்டியது. ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மெல்ல இறங்கினார். என்னைப் பார்க்காமல் மேலே பார்த்துச் சொன்னார்:

"போயிட்டு வாரனுங்ண்ணா."

பிறகு காது கொடுத்துக் கேட்பவர்போல் கொஞ்சம் நின்றார். "செரிங்ண்ணா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டைப் பூட்டும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை. அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டால் இன்றுவரை வாயைத் திறப்பதில்லை. நானும் ஸ்டூல் மேல் ஏறி எத்தனையோ தடவை சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டேன். தாலி கட்டியது எனக்குத்தான், இந்த வீட்டில் இருப்பதும் நான்தான். தம்பியிடம் பேசியவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.