ஊர் இல்லாத செல்வி

இரண்டு பட்டியலை ஒன்றாக்கித் தரும் வேலை ஃபேனுக்கு அடியில் சொகுசாக உட்காரும் வேலை என்று ஊரார் நினைக்கிறார்கள். தூக்கத்தைக் கெடுக்கும் வேலை என்பது அதே நாற்காலியில் அவதிப்படும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

நாற்பது பேர் மாயம்

2009 வாக்கில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கர்ப்பிணிகளுக்கான ரத்தப் பரிசோதனை முகாமிலிருந்து இரண்டு பட்டியல்கள் வந்தன. ஒன்றில் பெயர், ஊர், போன் நம்பர். இன்னொன்றில் பெயரும் ரத்த அளவும், அதாவது ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்பதும், மட்டும். வரிசை எண் போட யாருக்கும் தோன்றவில்லை. பெயரை வைத்தே சேர்த்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்த பெயர்கள் மட்டும் புதுப் பட்டியலில் வந்தன. பெயர் பொருந்தாத நாற்பது பேரைக் காணோம். ஓனர் சேகர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஒட்டாததை எதுக்குமா வெச்சிக்கினு பேஜாரு பண்ற? ஜல்தியா பிரிண்ட் எடு."

ஐந்து கிராம்

எனக்குப் பயம் விடவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டாத பெயர்களையும் விடாமல் மறுபடி சேர்த்தேன். சிலருக்கு ஊர் இருந்தது, ரத்த அளவு காலி. சிலருக்கு ரத்த அளவு இருந்தது, ஊர் காலி. அப்படி ஒரு வரி: கு. செல்வி, ஐந்து கிராம். குறைந்தது பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து! உடனே முகாம் நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் குரலே மாறிவிட்டது: "அஞ்சா? வலி வந்துட்டா தாங்காதும்மா. எந்த ஊருன்னு சொல்லு, இப்பவே போறேன்."

மூன்று போன்கள்

ஊர்தான் இல்லையே! ரத்த அளவு காலியாக இருந்த பக்கத்தில் மூன்று செல்விகள். ஒருத்திக்கும் 'கு' இனிஷியல் இல்லை. மூன்று பேருக்கும் போன் போட்டேன். மயிலம் செல்வி ஊசிக்குப் பயந்து ஓடியவள். வல்லம் செல்வி வரிசை நீளமென்று பாதியில் வீட்டுக்குப் போனவள். மிச்சம் கோலியனூர் ம. செல்வி. அந்தப் போன் ஒரு மணி நேரம் சுவிட்ச் ஆஃப். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

கடைசியில் அவள் அம்மா எடுத்தார். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாளாம் செல்வி. முகாமில் பெயர் கொடுத்த அம்மா, அவள் அப்பா மணியின் இனிஷியலைச் சொல்லியிருக்கிறார். ரத்தம் எடுத்தவரிடம் செல்வி, கணவர் குமாரின் இனிஷியலைச் சொல்லியிருக்கிறாள். ஊரைச் சொன்னதும் அன்று சாயங்காலமே நர்ஸ் அக்கா அவளை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்ற வைத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இனிஷியல் மாறியதால்தான் இத்தனை குழப்பம் என்று நான் சொன்னதற்கு செல்வியின் அம்மா என்னைப் பிடிபிடியென்று பிடித்தார்: "கண்ணாலம் ஆனா இனிஷியல்தாம்மா மாறும், ரத்தமுமா மாறிப்பூடும்?"

அன்றிலிருந்து எந்தப் பட்டியல் வந்தாலும் ஒட்டாதவர்களைத்தான் முதலில் படிக்கிறேன். ஒட்டியவர்கள் என் தயவில்லாமலே பிழைத்துக்கொள்கிறார்கள்.