தவறு சொல்லும் வட்டம்

ஒருவரிடம் ஒருவர் வாங்கியும் விற்றும் பிழைக்கிறவர்கள், மாதத்தில் ஒரு மாலை மட்டும் அதை மறந்துவிட்டு நண்பர்களாக உட்கார முடியுமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தபோது, இங்கே பொறுப்பில் இருக்கிற யாருக்கும் மனம் விட்டுப் பேச ஆளில்லை என்று எனக்குப் பட்டது. மகள் பிறந்து வேலையை விட்ட பிறகு, அப்படிப்பட்டவர்களை ஒரு வட்டமாகச் சேர்த்தேன். ஒரு எஸ்டேட் மேனேஜர், சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டரம்மா, ஒண்டிக்கடை முக்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் பாய், நாகலூர்ப் பக்கத்துக் காபி விவசாயிகள் குழுவின் தலைவி அக்கா. எஸ்டேட் பங்களாவில் கூடுவோம். எதையாவது தலைமையேற்று நடத்துகிறவர்கள்தான் உறுப்பினர். ஒவ்வொருவரும் அந்த மாதம் தான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சொன்னது வெளியே போகக் கூடாது. விதிகள் எல்லாம் நான் வைத்தவை.

ஒரு கூட்டத்தில் அக்கா தன் தவறைச் சொன்னார். களத்தில் காபி காயும்போது குப்பனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். தார்ப்பாய் போடச் சொல்ல மறந்துவிட்டார். காலம் தப்பிய மழையில் ஒரு பகுதி நனைந்துவிட்டது. நனைந்ததைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாராம். எல்லோரும் பரிவோடு தலையாட்டினோம். பாய் அவருக்கு இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தார்.

அந்த வாரமே சேலத்துக் காபி வியாபாரி, அக்காவின் குழுவிடம் ஒரு மூட்டையைக்கூடத் தொடாமல் போனார். சரக்கு நனைந்தது என்று அவரிடம் சொன்னவர் மேனேஜர். லாரி எஸ்டேட் காபியை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியது. குழு கூடி அக்காவைத் தலைமையிலிருந்து நீக்கியது.

அடுத்த கூட்டத்துக்கும் அக்கா வந்தார்.

"ஏனுங்க சார், நனைஞ்சதத் தனியா வெச்சிட்டேன்னும் சொன்னேனுங்களே. அதையும் அந்த வியாபாரிகிட்டச் சொன்னீங்களா?"

"அவரு கேக்கலைங்க," என்றார் மேனேஜர், பஜ்ஜியை எடுத்தபடி.

"பிரேக் சரியில்லாத வண்டியில ஆள ஏத்துனேன்னு நீங்களுந்தான் இங்க சொன்னீங்க. நான் யாருகிட்டயும் மூச்சு விடலைங்க."

"விட்டிருந்தாத்தான் என்ன? உங்க பேச்ச யாரும்மா கேக்கப்போறா?"

பாய் சிரித்துவிட்டார். அதை மறைக்க இருமினார். டாக்டரம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சொல்லக் கூடாது என்பதுதானே விதி என்று நான் ஆரம்பிக்கும்போதே மடியில் மகள் அழத் தொடங்கினாள்.

"நீங்க பாப்பாவப் பாருங்க மேடம்," என்றார் மேனேஜர். "தலைமையில இருக்கறவங்கதான் உறுப்பினர்னும் ஒரு விதி போட்டீங்களே. மொதல்ல அதப் பாக்கலாமுங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் இனி வரட்டுமா, வேண்டாமா கண்ணு? நீ சொன்னாப் போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்று பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை. மேனேஜரை நீக்கினால் மற்ற இருவரும் அவரோடு போவார்கள், கூடுவதற்கு இடமும் இருக்காது. அக்காவை நீக்கினால் வட்டம் நிற்கும். ஆனால் அதன் பிறகு அங்கே யார் வாயைத் திறப்பார்கள்? விதியை மாற்றி அக்காவை வரச் சொன்னாலும், அந்த மனிதருக்கு எதிரே மாதாமாதம் உட்கார வைப்பது அவருக்கு இன்னொரு தண்டனையோ என்று குழம்புகிறேன். இப்படி ஒரு வட்டத்தை நடத்திப் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், சனிக்கிழமைக்கு முன்னால் அக்காவிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.