உப்பு மூட்டையில் அமுக்கிய இறக்கை

பிள்ளைகளே, உங்கள் அக்கா ஏழாவது படித்தபோது, சுனாமிக்கு அடுத்த வருஷம், ஒரு வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் ஒரு விமானம்.

பள்ளிக்கூட நூலகத்துப் பழைய பத்திரிகை ஒன்றில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். சோதனைக்கென்று செய்த விமானமாம். முதுகின் நடுவில் ஒரே நீள இறக்கை. மேலே போனதும் அது திரும்பி, ஒரு முனை மூக்குப் பக்கமும் மறுமுனை வால் பக்கமுமாகக் கோணிக்கொள்ளும். வகுப்பில் இதைச் சொன்னதற்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சரும்கூட. வெள்ளிக்கிழமைக் கண்காட்சியில் செய்தே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள், அளவோடு வரைந்த நோட்டை என் முன்னால் வைத்தாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் உப்பளத்தில் பாத்தி அளந்து கட்டுகிறவனுக்கு அளவு புரியாதா? ஓரடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். உடம்புக்குக் கரையில் ஒதுங்கிய மீன்பெட்டித் தெர்மாகோல். இறக்கைக்கு இரண்டு அட்டைகளை மைதாப் பசையில் ஒட்டி, வளையாமலிருக்க மேலே பாரம் வைத்தேன். நம் வீட்டில் பாரம் என்றால் உப்பு மூட்டைதான்.

செவ்வாய்க்கிழமை எடுத்தபோது பலகை மாதிரி நேராக இருந்தது. வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் கடல்காற்று திரும்பியதும் இரண்டு முனையும் தொங்கிவிட்டன. மறுநாள் காயவைத்தேன், நிமிர்ந்தது. சாயங்காலம் மறுபடி தொங்கியது. வேலையில் மனசு நிற்கவில்லை. வாரிய பாத்தியையே திரும்ப வாரினேன்.

"ஏம்பா, உப்பு வார்றியா, ஏரோப்ளேன் ஓட்டுறியா?" என்றார் மேஸ்திரி.

வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் அம்மா இறக்கையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "கொழம்புல போடலாம் இத. ஈர மூட்டைய தூக்கி அட்ட மேல வச்சா உப்பு எறங்காதா? கடக்காத்து வந்தா அந்த உப்பு ஈரத்த இழுக்காதா? நாளெல்லாம் அதுலயே கெடக்குற, உனக்குத் தெரியலியா?"

தெரியவில்லை. புதிது ஒட்டினாலும் காலைக்குள் காயாது. கண்காட்சிக்குப் போகவேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் அக்கா கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் வேலையோடு கிளம்பி, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். காலை வெயிலில் இறக்கை நிமிர்ந்துதான் இருந்தது; டீச்சர் அப்போதே வந்திருந்தால் நேராகப் பார்த்திருப்பார். டீச்சர் அவள் மேஜைக்கு வரும்போது மணி நான்கு, கடல்காற்று திரும்பிவிட்டது. இறக்கை நனைந்த காக்கை மாதிரி தொங்கியது. நிஜ விமானத்திலும் இப்படித்தான் தொங்குமா என்று டீச்சர் கேட்டார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"இல்ல டீச்சர். எங்கப்பா உப்பு மூட்டைய வச்சு அமுக்கிட்டாரு, அதான் தொங்குது. கோணிக்கிறது மட்டும் நெஜம், பாருங்க," என்று அவள் இறக்கையைத் திருப்பிக் காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. தன் விரலாலேயே இறக்கையை நேராக்கி, மறுபடி கோணலாக்கி, எந்தப் பத்திரிகை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

நான் நேராகக் கடைக்குப் போய் இரண்டு அட்டை வாங்கினேன். இந்தத் தடவை மேலே வைத்தது உங்கள் அம்மாவின் அம்மிக்கல். அதையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன்.