பொலித்தீன் கழட்டாத கதிரை

மன்னார் பசாரில ஒரு புடவைக்கடையில நான் வேலைக்கு நிண்டனான். வேலைக்கு நிக்கிறது எண்டு ஊரில சும்மா சொல்லுறதுதான். ஆனா அந்தக் கடையில அது சொல்லுக்குச் சொல் உண்மை. காலமை அடம்பன் பஸ்ஸால இறங்கி உள்ள போனா, ஷட்டர் இழுக்குமட்டும் நிக்கவேணும். சனம் வந்தா முதலாளி வாயெல்லாம் பல்லா "வாங்கோ, இருங்கோ" எண்டுவார். எங்களுக்குக் குந்தி இருக்க ஒரு வாங்குகூட இல்லை. வாசலில நிக்கிற தெருக்கழுதையள் வெயில் ஏற நிழலுக்குப் போயிடும். "எங்களைவிட அதுகளுக்குப் புத்தி கூடடி" எண்டு விடத்தல்தீவில இருந்து வாற அக்கா சொல்லுவா. அவவும் நானும்தான் சாறிப் பக்கம்.

என்ர வயித்தில பிள்ளை எண்டு தெரிஞ்சாப் பிறகு முதலாளி என்னோட அன்பாக் கதைக்கத் தொடங்கினார். அதுதான் எனக்குப் பயம். "பாவம் பிள்ளை நீ, பஸ்ஸில குலுங்கிக் குலுங்கி வாறாய். நீயா வேலையால நிண்டிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, நான் ஏதும் பாத்துச் செய்வன்" எண்டார். வேலைக்கு நிக்கிறதும் நிக்கிறதுதான், வேலையால நிக்கிறதும் நிக்கிறதுதான். என்ன பாஷையோ!

என்ர மனுசனுக்கு வயலில அருவிவெட்டுக் காலத்தில மட்டும்தான் உழைப்பு. மற்ற நாளில என்ர சம்பளத்திலதான் அடுப்பு எரியும். பிள்ளை பிறந்தாப் பிறகும் அந்த வேலை எனக்கு இருக்கவேணும். வேறொண்டும் நான் கேக்கேல்லை.

அக்காதான் என்னைத் தொழில் கந்தோருக்கு இழுத்துக்கொண்டு போனவ. அங்கை இருந்த அதிகாரி மிஸ் ஆறுதலா விளங்கப்படுத்தினா. "பிள்ளைத்தாச்சி எண்டதுக்காக உங்களை நிப்பாட்ட ஏலாது. சம்பளத்தோட லீவு தரவேணும். பொம்பிளையள் வேலை செய்யிற கடையில இருக்கிறதுக்குக் கதிரை வைக்கவேணும், அதுவும் சட்டம்தான்." பிறகு குரலைத் தணிச்சா. "தங்கச்சி, ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ. அவர் போகச் சொன்னா நாங்கள் கேள்வி கேப்பம். நீங்களாப் போறன் எண்டு சொன்னா எங்களுக்குக் கஷ்டம். வாய்தவறியும் சொல்லிப்போடாதேங்கோ."

அந்த மிஸ் கடைக்கு வந்து பாத்திட்டுப் போன மற்றநாள் ஒரு கதிரை வந்தது. புத்தம்புதுசு, பொலித்தீன் சுத்தினபடி. முதலாளி அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில வைச்சார். நான் கிட்டப் போக, "அது கந்தோர் ஆக்கள் வந்தாக் காட்டுறதுக்கு. ஊத்தையாக்கிப் போடாதை" எண்டார். சட்டம் கடைக்குள்ள வந்திட்டுது. அதில இருக்கத்தான் விடேல்லை.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மேல்தட்டுத் துணியெல்லாம் இறக்கு, மடி, திருப்பி ஏத்து எண்டு என்னைத்தான் ஏவுவார். சாப்பாடும் நிண்டபடிதான். அழுகை வரும் எண்டு பாத்தன், வரேல்லை. கோவமும் வரேல்லை. முழங்காலுக்குக் கீழ விறைச்சுக் கிடந்த விறைப்பு மெல்ல மெல்ல மேல ஏறி நெஞ்சுக்கும் வந்திட்டுது போல. "மாதாவே, மரக்கட்டை மாதிரி நிக்கிறாய்! அழவாவது அழடி" எண்டு அக்கா பேசுவா. அதையும் கேட்டுக்கொண்டு நிப்பன்.

ஒருநாள் மத்தியானம், சனம் நிறைஞ்சிருக்கேக்கை, ஒரு சாறி என்ர கையால வழுக்கி விழுந்திட்டுது. குனிய ஏலேல்லை. அதைப் பாத்துக்கொண்டு நிண்டன். முதலாளிக்குப் பொறுமை போயிட்டுது.

"உன்னோட பெரிய கரைச்சல்! இருக்கிறதெண்டா ஒழுங்கா இரு, இல்லாட்டிப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ!"

போறன். அந்தச் சொல் நாக்கு நுனிமட்டும் வந்திட்டுது, சத்தியமாச் சொல்லுறன். அதை முழுங்கிப்போட்டு, "இருக்கிறன்" எண்டன். நடந்துபோய் அந்தக் கதிரையில இருந்தன். பொலித்தீன் சரசர எண்டுது.

"ஏய், என்ன செய்யிறாய்?"

"நீங்கள்தானே இருக்கச் சொன்னனீங்கள்."

சாறி பாத்துக்கொண்டு நிண்ட பொம்பிளையள் குபீரெண்டு சிரிச்சிட்டினம். அவையளுக்கு முன்னால எழும்படி எண்டு சொல்ல அவருக்கு வாய் வரேல்லை. விழுந்த சாறியை அக்கா எடுத்து மடிச்சா. கொஞ்ச நேரத்தால என்ர காலுக்குள்ள ஊசி ஊசியாக் குத்தத் தொடங்கிச்சுது. அப்பதான் அழுதன்.

பிள்ளை பிறந்து, லீவு முடிஞ்சு, நான் திரும்பி அதே கடைக்குப் போனன். கதிரையில பொலித்தீனைக் காணேல்லை, கைபிடி எல்லாம் ஊத்தை. அக்கா அதில இருந்து துணி மடிச்சுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டிட்டு எழும்பப் பாத்தா.

"பரவாயில்லை அக்கா, இருங்கோ" எண்டன்.