துபாய் போய்த் திரும்பிய முடிவு

அடுப்பில் மீன் ஆணம் (குழம்பு) கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு வாசனையே வரவில்லை. மாமிதான், அதாவது என் கணவரின் தாயார், "அடி பிடிக்குதே, ஒனக்கு மூக்கு இருக்கா இல்லையா?" என்று சத்தம் போட்டார். கொரோனாவாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு அப்படித்தான் வந்தது.

ஊரில் போட்டிருந்த பரிசோதனை முகாமில் மூக்குக்குள் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். கைபேசி எண் கேட்டபோது, கணவர் கமால் துபாய்க்குக் கொண்டுபோயிருந்த ஊர் எண்ணைச் சொன்னேன். ஏர்வாடிப் பக்கம் எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். ரேஷனோ கேஸோ, வீட்டு ஆண் எந்தக் கடலுக்கு அப்பால் இருந்தாலும் எண் அவருடையதுதான். என் கைபேசி என் கையிலேயே இருந்தது.

முடிவு துபாய்க்குப் போனது. அவர் வேலை பார்க்கும் கிடங்கில் கைபேசியைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊர் சிம்மை எப்போதாவதுதான் போடுவார். நான் இங்கே சோறாக்கி, மாமிக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து ஒருவழியாகப் பார்த்துவிட்டு அலறியடித்துக் கூப்பிட்டார். "ஒனக்கு பாசிட்டிவாம்! உம்மாகிட்ட போவாத!" என்றார், தன் தாயாரைச் சொல்லி. பதில் சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் விரலில் ஆக்சிமீட்டரை (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சிறு கருவி) மாட்டினார்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"முடிவு துபாய் போயிட்டு வந்துச்சு டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "இந்த வார்டுல நெறைய பொம்பளைங்க இப்படித்தான் வந்திருக்காங்க" என்றார். குப்புறப் படுக்கவைத்தார்கள், நுரையீரலுக்கு அது நல்லதாம். தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தபோது பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. என் உடம்பைப் பற்றி எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது! மாமிக்கும் தொற்றியது. அல்லாஹ் கிருபையில் காய்ச்சலோடு விட்டது.

போன வருடம் ஊரில் தொற்றுநோய் முன்னேற்பாட்டுக் கூட்டம் போட்டார்கள். ஆண்களுக்கு மட்டும்தான் அழைப்பு. மாமியைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். குணமான பிறகும் எனக்கு மூச்சு வாங்கியது, மாடிப்படியில் நின்று நின்றுதான் ஏற முடிந்தது.

"டெஸ்ட் எடுத்தா அவுகவுக நம்பரையே எழுதுங்க" என்றேன்.

"வீட்டுக்கு ஒரு நம்பர் போதாதாம்மா?" என்றார் ஊர்த் தலைவர்.

"காய்ச்சல் வீட்டுக்கா வருது? ஆளுக்குத்தானே வருது!"

மாமி எழுந்தார். "எம் மருமவ மூச்சு முட்டி மவுத்தாப் போகப் பாத்தா. அவ நம்பரை எழுதுறியளா, நான் இங்கனயே உக்காரட்டுமா?"

எழுதினார்கள். முன்னேற்பாட்டுக் குழுவில் எங்கள் இருவரையும் சேர்த்தார்கள்.

இந்த மழைக்காலத்தில் மறுபடி காய்ச்சல் பரவியது. முகாமில் நான்தான் எண் கேட்கும் வேலையில் உட்கார்ந்தேன். புருஷன் எண்ணைச் சொன்னவர்களிடம், "அவுக மூக்கையா குத்துறோம்?" என்றேன். சிரித்துக்கொண்டே தங்கள் எண்ணைச் சொன்னார்கள். இதைக் காய்ச்சலோடு படிக்கும் சகோதரியே, நீங்களும் உங்கள் எண்ணையே சொல்லுங்கள்.

இப்போதும் படி ஏறினால் நடுவில் நிற்கிறேன். முன்பு அதை வீணான நேரம் என்று நொந்துகொள்வேன். இப்போது அந்த நேரத்தில் என் மூச்சைக் கேட்கிறேன், அது என்னுடையது.

அந்த முகாமில் நானும் என் எண்ணைச் சொல்லிச் சளி கொடுத்திருந்தேன். முடிவு வந்த அன்றைக்கும் அப்படிப் பாதிப் படியில் நின்றபோதுதான் என் கைபேசி ஒலித்தது. தொற்று இல்லை. துபாய்க்குப் போன் போட்டேன்.

"என்ன புள்ள, என்ன ஆச்சு?" கமால் பதறினார்.

"ஒண்ணுமில்ல. இந்தத் தடவை நான் ஒங்களுக்குச் சொல்றேன்."