பாயின் தலையில் என் குல்லா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து நாலைந்து நாள் இருக்கும். கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏற்காடு கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அவர் தைத்த சட்டையைப் போடாத ஆள் எங்கள் எஸ்டேட்டில் கிடையாது. அவரைச் சேலத்தில் கொண்டுபோய் விடும் வேலையை, யாரும் கேட்காமலே நான் ஏற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்றுதான் பெயர்.

விடியற்காலையில் போய்ப் பார்த்தால், மனிதர் இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி, தோளில் ஒரு வெள்ளைத் துணி, அவ்வளவுதான். ஹஜ்ஜுக்கு உடுத்தும் இஹ்ராம் என்றார்கள். மெட்ராஸில் விமானம் ஏறும் கூட்டத்தில் குளிக்க இடம் கிடைக்குமோ என்னவோ என்று வீட்டிலேயே குளித்து உடுத்திக்கொண்டாராம். "ஊருக்கெல்லாம் தெச்சவரு, தனக்கு ஒரு தையல் போட்டுக்கலையே" என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டலடித்தார். பாயும் சிரித்தார். மனைவியோடு போக வேண்டும் என்று பல வருஷமாக நினைத்திருந்த பயணம் அது. அந்த அம்மா இறந்துபோன பிறகு, இப்போதுதான் தனியாகவாவது போக வாய்த்தது. வழியனுப்ப அவருடைய மகளும் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பாதி மலை இறங்கியதும் ஒரு கொண்டை ஊசி வளைவில், முந்தின நாள் மழைக்கு மரம் சாய்ந்து கிடந்தது. ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாகும் என்று விசாரிக்க மகள் இறங்கிப் போனார். பாய் முன்சீட்டிலேயே கண்ணயர்ந்துவிட்டார். எங்கள் ஜீப்புக்குப் பக்கக் கதவு கிடையாது. சாரல் நேராக அவர் மேல் அடித்தது. தூக்கத்திலும் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. என் தலையில் இருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றி, அவர் தூக்கம் கலையாமல் மெதுவாக மாட்டி, காது மறைய இழுத்துவிட்டேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்த மகள் போட்ட சத்தத்தில் மரம் வெட்டியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அய்யய்யோ, என்னங்கண்ணா பண்ணி வெச்சீங்க? இந்தத் துணி உடுத்துனா ஆம்பளைங்க தலைய மூடக் கூடாதுங்கண்ணா! அத்தாவோட ஹஜ்ஜே போச்சே!"

ஆடிப் போய்விட்டேன். நானும் சபரிமலைக்கு மாலை போடுகிறவன்தான். மாலை போட்ட அன்றே விரதம் தொடங்கிவிடும். தூங்கும் சாமி வாயில் யாரோ கறித்துண்டைத் திணித்தது போல, ஒரு மனுஷன் ஆயுசுக்கும் ஏங்கிய யாத்திரையைக் கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். சத்தத்தில் கண் விழித்த பாய், தலையைத் தடவிப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "தெரியாம பண்ணிட்டனுங்க பாய், மன்னிச்சிருங்க" என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அட, எதுக்குக் கண்ணு அழுவற? ஒண்ணும் ஆவல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகளுக்கும் சேர்த்துச் சொன்னார். "இது இன்னும் வெறும் துணிதான். மக்காவச் சுத்தி நாலா பக்கமும் எல்லை குறிச்சிருக்காங்க. மீகாத்துன்னு பேரு. பிளேன் அந்த எல்லைகிட்டப் போறப்பச் சொல்லுவாங்க. அங்கதான் நான் நிய்யத் வெப்பேன். ஹஜ்ஜுக்கு வந்துட்டேன்னு மனசுல உறுதி எடுக்கறது அது. அதுக்கப்பறந்தான் இந்தக் கட்டுப்பாடெல்லாம். அதுக்கப்பறம் தெரியாம நடந்தாக்கூட ஹஜ்ஜு போயிராது, கண்ணு."

மகள் தலை குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் குல்லாவை வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. அதைத் திரும்பத் தன் தலையில் தானே மாட்டி, என்னைப் போலவே காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நொம்பக் குளுருது கண்ணு. அடிவாரம் வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மரத்தை அப்புறப்படுத்தியதும் கிளம்பினோம். வெள்ளைத் துணியும் குரங்குக் குல்லாவுமாக அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, எதிரே வந்த பஸ்காரர்கள் சிரித்தார்கள். பாய் அவர்களுக்குக் கையைக் காட்டினார். அடிவாரத்தில் குல்லாவைக் கழற்றி, நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார்.

நல்லபடியாக ஹஜ் முடித்துத் திரும்பியவர், எஸ்டேட்டுக்கே பேரீச்சம்பழத்தோடு வந்தார். குளிர் பொறுக்காமல்தான் அன்று குல்லாவைத் திரும்ப மாட்டிக்கொண்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் மகள்தான் பிறகு சொன்னார். கம்பளிக் குல்லா என்றாலே அவருக்குக் காது அரிக்குமாம், எந்தக் குளிரிலும் போட மாட்டாராம். அன்று அடிவாரம் வரை போட்டிருந்தது எனக்காக மட்டும்தான்.

இன்றும் யாராவது தெரியாமல் ஒரு தவறு செய்துவிட்டு என் முன்னால் கைகட்டி நின்றால், அது தவறா இல்லையா என்று விளக்குவதைவிட, அவர் மனசு ஆறும்படி நான் செய்யக்கூடியது என்ன என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.